தண்ணீருக்குள் தாகம்

கல்கத்தாவில் யார் வீட்டில் தண்ணீர் கேட்டாலும் வெறும் தண்ணீராக வராது. கூடவே ஒரு சந்தேஷ் இனிப்பு வரும், அது இல்லையென்றால் பத்தாசா என்கிற சர்க்கரை வில்லை ஒன்றிரண்டாவது வரும். தொண்ணூறுகளின் நடுவில் பெஹாலாவில் மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று, கீழ்வீட்டு பௌதியிடம் சைகையில் தண்ணீர் கேட்டேன். அண்ணியை அங்கே பௌதி என்பார்கள். தட்டில் இனிப்போடு வந்தது. நான் இனிப்பைத் தொடாமல், தம்ளரை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன் வீட்டுப் பாத்திரத்தில் வாய்வைக்க இவளுக்கு அருவருப்பு என்று நினைத்துவிட்டாள். எச்சில் படாமல் குடிப்பதுதான் எங்கள் தூத்துக்குடியில் மரியாதை என்று விளக்க அப்போது என்னிடம் பாஷை இல்லை. மறுநாள் நானாகப் போய்க் கேட்டு வாங்கி, இனிப்பைத் தின்று, தம்ளரை வாயில் வைத்துக் குடித்த பிறகுதான் சிரித்தாள். குழாயடியில் குடத்தோடு காத்துக் கிடந்தே வளர்ந்தவள் நான். கேட்டால் இனிப்பும் சேர்த்துத் தருகிற ஊர் கிடைத்ததில் எனக்கு ஒரே பெருமை. ஊருக்கு எழுதும்போதெல்லாம் அதைத்தான் எழுதுவேன்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் முங்குகிற வேலை. கப்பல் விசிறியில் சுற்றிக்கொண்ட வடத்தை அறுக்க வேண்டும், மதகுக் கதவின் அடியைத் தடவிப் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். கங்கையின் அந்தச் சேற்றுத் தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை, எல்லாம் கைதான். ஊரில் இவர் சங்கு குளித்தவர். மூச்சை அடக்கி இறங்கி, அள்ளிக்கொண்டு மேலே வருகிற பழக்கம். இங்கே முதுகில் காற்று சிலிண்டர், வாயில் ரப்பர்க் கடிவாளம். பௌதியின் கணவர் பிமல்தாதான் அங்கே முங்குகிறவர்களுக்கெல்லாம் தலைவர். சிலிண்டர் துருப்பிடிக்கக் கூடாது என்று காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் அடைப்பார்களாம். அந்தக் காய்ந்த காற்று ஒவ்வொரு மூச்சிலும் வாயின் ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும். இறங்குவதற்கு முந்தின நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துவர வேண்டும், காலையில் டீயை மட்டும் நம்பி இறங்கக் கூடாது, உள்ளே போனதும் அவசரப்படாமல் நிதானமாக மூச்சு விட வேண்டும், வாய் காய்ந்தால் நாக்கால் ஈறைத் துழாவி எச்சில் ஊற வைக்க வேண்டும் என்று பிமல்தா எல்லோருக்கும் சொல்வார். கிளம்பும்போது மாடிப்படியைப் பார்த்து, “முருகேஷ், ஜொல் காவ்!” என்று இவரைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சத்தம் போடுவார்.

இவர் கேட்டால்தானே. “வயித்துல தண்ணி கெடந்தா முங்க முடியாதுட்டி. வெறும் வயித்தோடதான் எறங்கணும்னு எங்கய்யா சொல்லிக் குடுத்துருக்காக,” என்பார். அது ஒரு காரணம். இன்னொன்றை எனக்கு மட்டும் சொன்னார். தண்ணீருக்குள் ஆழத்துக்குப் போனதும் யாருக்கும் ஒன்றுக்கு முட்டும். எல்லோரும் ரப்பர்ச் சட்டைக்குள்ளேயே போய்விடுவார்கள். “நம்ம கடல்னா பரவால்ல. இது கங்கைல்லா? ஊருல ஒரு சொட்டு கெடைக்காதான்னு ஏங்குதாக. நான் போயி அதுல அசிங்கம் பண்ணவா?”

இதை நான் பௌதியிடம் அரைகுறை வங்காளத்தில் சொல்ல, அவள் பிமல்தாவிடம் சொல்ல, அந்த மனிதர் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா மடியில் பிள்ளை போகாமல் வேறு யார் போவார்கள் என்று கேட்டார். கங்கைக்கரையிலேயே பிறந்தவர்களுக்கு அவள் அம்மா. அவளிடம் எந்த உரிமையும் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கோ அவள் மூடி ஒட்டிய செம்புக்குள் பூஜை அலமாரியில் இருந்தவள். இவர் சிரிக்கவுமில்லை, மாறவுமில்லை. வருஷக்கணக்காக முந்தின ராத்திரியோடு தண்ணீரை நிறுத்திவிட்டு, காய்ந்த வாயோடு இறங்கி, உதடு வெடித்துத் திரும்பி வந்தார். பிடிவாதத்தில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் சொம்பைத் தூக்கி எறிந்தும் பார்த்தேன்.

முதலில் இடுப்பில் வலி வந்தது. வாயு என்றார். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று இன்னும் குறைத்துக் குடித்தார். ஒருநாள் படித்துறையில் ஏறியவர் அப்படியே சுருண்டு விழ, பிமல்தா தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கல் அடைத்து அடைத்து இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். தண்ணீர் குடிக்காததுதான் காரணமா என்று கேட்டேன். அது மட்டுமே என்று சொல்ல முடியாது, ஆனால் குடித்திருக்கலாம் என்றார் டாக்டர். பிறகு டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர் வெளியே போக இனி வழியில்லை, உள்ளேயே தேங்கும் என்றார்கள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன சொம்புத் தண்ணீர்தான், டீ, குழம்பு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம் என்று எனக்கு உத்தரவு.

குடியுங்கள் குடியுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவள், வீட்டிலிருந்த குடத்தையும் சொம்பையும் ஒளித்துவைக்க ஆரம்பித்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சாமி படத்தைத் திட்டுவேன். பிமல்தா சாயங்காலம் வந்து கட்டிலருகே உட்காருவார். முங்குகிறவர்களுக்குச் சொன்னதையே திரும்பவும் சொல்வார். மெதுவாக மூச்சு விடு, வாயை மூடி வைத்துக்கொள், நாக்கால் ஈறைத் துழாவு, எச்சில் ஊறும். இப்போது இவர் ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் செய்தார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

எங்கள் மகள் மீனுவுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சுலபமாக வரும். “பாபா, ஒரு ஐஸ் துண்டு தரவா? மா பார்க்க மாட்டா,” என்று கேட்பாள். எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி அடுப்படியில் நிற்பேன். ஒருமுறை மகள் கொடுத்ததை வேண்டாமென்று தள்ளிவிட்டு, “ஒங்கம்மா வைவா. அவளும் பாவம்லா,” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் அழுதது கீழ்வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம். மூச்சு மாறிவிட்டது. பிமல்தா என்னைப் பார்த்து, இனி எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றார். பௌதி துளசி போட்ட கங்கைத் தண்ணீரை மீனுவின் கையில் கொடுத்தாள். அவர்கள் வழக்கம் அது. நான் ஓடிப்போய்ப் பால் எடுத்துவந்தேன். எங்கள் வழக்கம் இது. ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் நான், மாற்றி மாற்றி ஊற்றினோம்.

சாயங்காலம் தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் போனில் அழுதபடி, “பாலாவது குடிச்சானா?” என்று கேட்டாள். குடித்தார் என்றேன். கங்கை உள்ளே இறங்கியதா என்று பௌதி கேட்டாள். அவளிடமும் இறங்கிற்று என்றேன். பாலும் தண்ணீரும் கலந்து கடைவாய் வழியே வழிந்து, நான் கையை வைத்து ஏந்த ஏந்தத் தலையணையில்தான் இறங்கிற்று.