இரண்டாம் பாகத்தில் தோற்ற டிரில்லர்

எங்கள் டிரில்லர் ஹெட்போனைக் காதில் மாட்டமாட்டார். கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார். பஞ்சு பிய்ந்துபோன கறுப்பு ஹெட்போன் அது. மாலை போட்ட மாதிரி அதைத் தொங்கவிட்டபடி ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, துப்பாக்கி விளையாட்டில் எங்களையெல்லாம் வரிசையாகச் சுட்டுத் தள்ளுவார். காதில் மாட்டாதது அவருடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். ஒருவன் நடந்து வருவதைப் பார்த்தே அவன் எந்த வேலைக்கு ஆவான் என்று சொல்லிவிடக் கூடியவன் நான். திருச்செங்கோட்டில் அதில் எனக்கு ஜோடி கிடையாது. அவர் விஷயத்தில் மட்டும் என் கணக்கு தப்பிப்போனது.

நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் துளையிடும் இரும்புத் தண்டான ராடை மாட்டும் கூலியாளாக ஏறியவன். இன்றைக்கு என் பெயரில் மூன்று ரிக் ஓடுகிறது. யாரும் தூக்கிவிடவில்லை. நான் ஏறிய அதே வாரம் அதே வண்டியில் ஏறியவர் அவர். நான் முதலாளி ஆனேன், அவர் டிரில்லர் ஆனார். லிவரைப் பிடித்து ராடை இறக்கி ஏற்றுகிற ஆளுக்குத்தான் அந்தப் பெயர். இருநூறு அடிக்குக் கீழே பாறை மாறினால் அவருடைய உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். சொந்த வண்டி வாங்கியதும் நான் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். ஆட்கள் முன்னால் என்னை மொதலாளி என்பார். தனியாக இருந்தால் மாப்ள.

மழை மாதங்களில் ரிக்குகள் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் திரும்பி வந்து, வண்டி நிறுத்தும் எங்கள் செட்டில் நிற்கும். ஆட்களுக்கு வேலை இருக்காது. அப்படி ஒரு மழையில், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் மகன், ஆபீசில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்து அந்த விளையாட்டை ஏற்றினான். துப்பாக்கி நம் கையில் இருப்பது போலத் திரையில் தெரியும். எதிராளி அடுத்த கம்ப்யூட்டரில் இருப்பான். அவன் நம்மைத் தேடுவான், நாம் அவனைத் தேட வேண்டும். சின்னப் பையன்கள் சமாச்சாரம் என்றுதான் முதலில் ஒதுங்கியிருந்தேன். ஒரு வாரத்தில் என்னை ஜெயிக்க மகனுக்கே மூச்சு வாங்கியது. டிரில்லரை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை.

அது முதல் பாகம். இன்றைக்கு யோசித்தால் சாதாரணமான ஆட்டம்தான். ஒரு பழைய குடோன், ஒரு துறைமுகம். சுவரெல்லாம் ஒரே சாம்பல் நிறம், நிழல் என்பதே கிடையாது. மூலையில் வட்டமாக ஒரு சின்ன வரைபடம் இருக்கும். எதிராளி கிட்டே வந்தால் அதில் சிவப்புப் புள்ளி தெரியும். முதுகுப் பக்கமிருந்து சுட்டால் எந்தத் திசை என்று திரையின் ஓரம் சிவக்கும். எல்லாவற்றையும் கண்ணுக்கே காட்டிக்கொடுத்துவிடும். கை வேகம் இருந்தால் போதும்.

அடுத்த வருட மழைக்கு இரண்டாம் பாகம் வந்தது. அதைத் திறந்ததும் நானே கொஞ்ச நேரம் சுடாமல் வேடிக்கை பார்த்தேன். மழை நிஜ மழை மாதிரி பெய்தது. புல் அசைந்தது, விளக்கடியில் ஆளின் நிழல் நீண்டு விழுந்தது. ஆனால் மூலையில் இருந்த வட்டத்தைத் தூக்கிவிட்டார்கள். ஓரம் சிவப்பதும் இல்லை. அதற்குப் பதிலாகச் சத்தத்தை வைத்திருந்தார்கள். தகரத்தில் நடந்தால் ஒரு சத்தம், தண்ணீரில் ஒன்று, ஜல்லியில் ஒன்று. இடது காதில் கேட்டால் ஆள் இடது பக்கம். எதிராளி தோட்டா மாற்றுவதுகூடக் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. முதல் பாகத்தில் தோற்றால் கை வேகம் போதவில்லை, பழகினால் சரியாகிவிடும். இரண்டாம் பாகம் அப்படியில்லை. உடம்பில் எது குறைந்திருக்கிறது என்று அது காட்டிவிடும்.

இரண்டாம் பாகத்தில் டிரில்லர் எல்லாரிடமும் தோற்றார். எங்கள் வண்டிச் சமையல்காரர், முதல் பாகத்தில் ஒரு தடவைகூட அவரை ஜெயிக்காதவர், பின்னால் போய் நின்று நிதானமாகச் சுட்டார்.

"ஏனுங்க டிரில்லரு, தகரத்து மேல தடதடன்னு ஓடியாறேன். ஒரு தடவயாச்சும் திரும்பிப் பாக்கறதுங்களா?"

"இந்தக் கம்ப்யூட்டர் சரியில்லீங்க. மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்தோம். மறுபடியும் தோற்றார். மகன்தான் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னான்: "அப்பா, அவருக்குக் காது கேக்கலீங்க." நான் சிரித்தேன். இத்தனை வருடமாக என் வண்டியில் லிவர் பிடிக்கிறவர், எனக்குத் தெரியாமல் இருக்குமா என்றேன். ஆனாலும் உள்ளே போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "மாப்ள, நாளைக்கு வண்டிய விக்கப் போறேன்" என்றேன். சமையல்காரர் பதறித் திரும்பினார். டிரில்லர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு யோசித்தேன். துளைக்குள் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ரிக்கில் எல்லாமே கைச்சாடைதான். இறக்கு, ஏற்று, நிறுத்து, டீ வேண்டும், எல்லாவற்றுக்கும் கைதான். சாப்பிடும்போது அவர் நம் வாயைப் பார்த்துப் பேசிவிடுவார். காது கேட்காதவர் யார் கண்ணிலும் படாமல் காலம் தள்ள ரிக்கைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. அந்தக் காதைத் தின்றதும் அதே கம்ப்ரசர்தான். பாதி நாள் வேறொருவருடைய கம்ப்ரசர், மீதி நாள் என்னுடையது.

ஆனால் லிவரை அவர் கையில் விட முடியாது. கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ராடு கழற்றும் நேரம், ஹெல்ப்பரின் கை ராடின் வாயில் இருக்கும். அவன் "நிறுத்து" என்று கத்தினால் அந்த நொடியே லிவர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கு விரல்கள் போய்விடும். அதை அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அடுத்த சீசனிலிருந்து செட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "லிவர உட்டுட்டு செட்டுல உக்காந்தா நான் ஆருன்னே எனக்குத் தெரியாது மாப்ள" என்றார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினார்: "ரெண்டாவது பாகத்தையே போடு. எல்லாத்துக்கும் சத்தத்த அமத்திப் போட்டு ஆடலாம். அதுலயும் நான் தோத்தா நீ சொல்றதுதான்."

சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு ஆடினோம். மகன் அந்த ஊமை மழையில் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. சமையல்காரர் எங்கே சுடப்பட்டோம் என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். நான் ஒளிந்த இடம் நல்ல இடம், இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். அவர் சுவர் முனையில் விழுந்த என் நிழலைப் பார்த்துவிட்டார். முதல் பாகத்தில் நிழல் இல்லை. இரண்டாம் பாகத்தில் வைத்திருந்தார்கள். காதை நம்பி ஆடிய நாங்கள் யாரும் அதைப் பார்த்துச் சுட்டதில்லை.

எழுந்து நின்று என்னைப் பார்த்தார். ஜெயித்த ஆளின் முகமாக இல்லை அது. பதிலுக்குக் காத்திருக்கிற முகம்.

ஒரு ராத்திரி யோசித்தேன். கம்ப்ரசர் ஓடும்வரை ரிக்கில் எல்லாருக்கும் காது அடைப்புதான். அந்த நேரத்தில் அவரைவிட நல்ல கை என்னிடம் இல்லை. அது நின்ற பிறகுதான் அவர் ஒருவர் மட்டும் குறைந்துபோகிறார். ஆகவே என் மூன்று ரிக்குக்கும் ஒரே சட்டம் போட்டேன்: கம்ப்ரசர் நின்றதும் டிரில்லர் முதலில் கீழே இறங்கி, தள்ளிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். ராடு கழற்றும்போது லிவர் துணை டிரில்லர் கையில். ஒரு வண்டிக்கு மட்டும் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா.

அதன் பிறகு ஆறு சீசன் அவர் லிவர் பிடித்தார். ஒரு ஆளுக்கும் ஒரு விரலும் போகவில்லை. பிறகு தானாகவே சொல்லிக்கொண்டு வெண்ணந்தூர்ப் பக்கம் தன் காட்டில் விவசாயம் பார்க்கப் போய்விட்டார். எங்கள் வண்டிகளைப் பார்த்த மற்ற ரிக்குக்காரர்கள், இது டிரில்லருக்குச் செய்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். சிலர் தங்கள் வண்டியிலும் நாற்காலி போட்டார்கள். போன மாதம் ஒரு கிணற்றடியில், எனக்குத் தெரியாத ஒரு ரிக்கில், கம்ப்ரசர் நின்றதும் இளவயது டிரில்லர் ஒருவர் இறங்கி வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். எதற்கு என்று கேட்டேன். "டிரில்லருன்னா அப்படித்தானுங்க" என்றார்.