பதினெட்டாம் அத்தியாயத்து மாப்பிள்ளை

எனக்குச் சினிமாவில் கதாநாயகனைப் பிடிக்காது. இப்போது கூசாமல் சொல்லிவிடலாம். அறுபதுகளில் கோட்டையூரில், கலியாணமாகாத ஒரு பெண் அதைச் சொல்லியிருக்க முடியாது. எங்கள் வீட்டில் அப்பா ஒரு நடிகரின் பக்கம், அண்ணன் அவருடைய போட்டி நடிகரின் பக்கம். புதுப் படம் வந்தால் இரண்டு பேரும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நீ யார் பக்கம் என்று கேட்டால், சோறு போடுகிறவர் பக்கம் என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையில் நான் வில்லன் பக்கம்.

எல்லா வில்லனும் இல்லை, ஒரே ஒருவர். அவர் திரையில் தலைகாட்டியதும் டூரிங் கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ‘கட்டையில போவான்’ என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். சந்தேகம் வரக்கூடாதே என்று நானும் ஒரு பிடி தூற்றுவேன். ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, அவர் கைக்குட்டையை நிதானமாக நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். கதாநாயகன் அடுத்து அழுவானா பாடுவானா என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று படம் முடிந்து வீடு வந்தும் தெரியாது. அதனாலேயே பிடித்திருந்தது.

புத்தக அட்டையிலும் எனக்கு அதே கோணல் ரசனைதான். ஒரு முகம், அதன் மேல் இன்னொரு முகம், மூலையில் ஒரு கார், சொட்டுச் சொட்டாக ரத்தம் என்று கதை முழுவதையும் அட்டையிலேயே கொட்டிவிட்டால் உள்ளே எதற்குப் போகவேண்டும்? கடைப் புத்தகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து நானே பைண்டு செய்யத் தொடங்கியது அதனால்தான். ஆணியால் துளை போட்டு, கோணி ஊசியால் தைத்து, பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்த மைதாப் பசையில் காடாத்துணி ஒட்டுவேன். ஜவுளிக்கடைப் பெட்டிதான் அட்டை. அதன் மேல் ஒரே ஒரு பொருள்தான் இருக்கும். ஒரு சாவி, இல்லையென்றால் ஒரு சன்னல். மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, என் அட்டைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். இழவு வீட்டுக் கடுதாசி மாதிரி இருக்கிறது என்பார்.

அந்த வருஷம் ஒரு தொடர்கதை முடிந்தது. கதாநாயகன் சாதாரணமானவன் இல்லை. மனசுக்குள் எதையோ பூட்டி வைத்திருப்பவன். ஆனால் பத்திரிகை ஓவியர் அவனுக்குச் சுருட்டை முடியும் ரோஜாக் கன்னமும் கொடுத்து மாவுப் பொம்மையாக்கியிருந்தார். மற்றப் படங்களைப் பொறுத்துக்கொண்டேன். பதினெட்டாம் அத்தியாயத்தில் அவன் தாலி கட்டும் படத்தைப் பொறுக்க முடியவில்லை. சினிமாப் பத்திரிகை ஒன்றிலிருந்து என் வில்லனின் முகத்தைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டியெடுத்து, மாவுப் பொம்மையின் முகத்தின் மேல் ஒட்டினேன். மாலைக்கு மேலே கச்சிதமாக உட்கார்ந்தது. பசை காயட்டும் என்று புத்தகத்தை மூடி அம்மிக் குழவியை மேலே தூக்கி வைத்தேன்.

மறுநாள் காலையில் நேமத்தான்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஊர் வாயை மூட முடியாது என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணுக்கு என்ன கைவேலை தெரியும் என்று கேட்டார். மதினி பெருமை பொறுக்காமல் உள்ளே ஓடி, குழவியை நகர்த்தி, அந்தப் புத்தகத்தையே கொண்டுவந்து நீட்டிவிட்டார். அந்த அம்மா அட்டையைத் தடவிப் பார்த்தார். படித்துவிட்டுத் தருகிறேன் என்று மடியில் வைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதை யார் இல்லையென்று சொல்வது? நான் காப்பித் தட்டோடு நின்றேன். தட்டு ஆடியதைப் பார்த்து, கூச்ச சுபாவம் என்று யாரோ மெச்சினார்கள்.

அன்றிலிருந்து நாற்பது நாள் பதில் இல்லை. கன்னிப்பெண் ஒருத்தி எவன் படத்தையோ வெட்டி மாப்பிள்ளை இடத்தில் ஒட்டியிருக்கிறாள், அதுவும் பெண்களைக் கெடுக்கிற வேஷக்காரன் படத்தை. அதைப் பார்த்தபிறகு எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள்? பஸ் சத்தம் கேட்டால் வாசலை எட்டிப் பார்ப்பேன். அந்த அம்மா ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் படித்தால் பதினெட்டு என்றைக்கு வரும் என்று விரல் விட்டு எண்ணினேன். அந்த நாளும் போனது. குன்றக்குடி முருகனிடம் போய் நின்று, அந்தப் புத்தகத்தை யாரும் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ராத்திரி பகலாகத் தைத்தவளே அப்படி வேண்டிக்கொண்டது முருகனுக்கே சிரிப்பாக இருந்திருக்கும்.

நாற்பத்தோராம் நாள் சம்மதம் வந்தது. சொல்லவந்த பெரியவர் கூடவே இதையும் சொன்னார்: “புஸ்தகம் ரொம்ப நல்லாருக்காம். அதுல மாப்பிள்ளை படம் அம்புட்டு அழகா இருக்குன்னு சொல்லச் சொன்னாக.”

எல்லோரும் சிரித்தார்கள். எந்த மாப்பிள்ளைப் படம்? கிண்டலா, எச்சரிக்கையா? துருப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை வீட்டுக்குள் வரவழைத்தபிறகு இறக்கலாம் என்று அந்த அம்மா இருக்கிறாரா? தாலி ஏறும்போதுகூட நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மாமியார் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

நேமத்தான்பட்டி வீட்டில் புத்தகத்தைக் கண்ணால் காணமுடியவில்லை. அதை அத்தை, என் மாமியார்தான், தன் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்று தெரிந்ததும் பயம் இரண்டு பங்காயிற்று. கேட்கவும் வாய் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் வயலுக்குப் போனதும், அத்தை புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆசையாக இருக்கிறது, நீ ஒரு தடவை வாசி, கேட்கிறேன் என்றார்.

மறுக்க முடியுமா? தினம் ஓர் அத்தியாயம் வாசித்தேன். அவர் படங்களை மட்டும் நின்று நிதானமாகப் பார்ப்பார். பதினேழு முடிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பக்கத்தைப் புரட்டினால், பதினெட்டாம் அத்தியாயத்தின் இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. குழவி அழுத்தியதில் பசை வழிந்திருக்கிறது. யாரும் பிரித்ததே இல்லை. அப்படியே தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அத்தை விடவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டுவந்து அவரே பக்குவமாகப் பிரித்தார்.

வில்லன் மாலையோடு எங்களைப் பார்த்தான்.

“இவன் அந்தக் கொலகாரப் பயல்ல?”

“ஆமா அயித்தை.”

“யாரு ஒட்டுனது?”

“நாந்தான். பொண்ணு பாக்க வந்தீகள்ல, அதுக்கு மொத நாளு.” நகத்தால் வில்லன் முகத்தைச் சுரண்டத் தொடங்கினேன். “நீங்க படிச்சிருப்பீகன்னு நாப்பது நாளும் செத்துச் செத்துப் பொழச்சேன்.”

அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எனக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது ஆத்தா. படத்தத்தான் பாத்தேன். அந்தச் சுருட்ட முடிக்காரனத்தான் மாப்பிள்ளைன்னு சொல்லிவிட்டேன். புஸ்தகம் தைக்கிற பொண்ணு வீட்டுக்கு வந்தா இந்த மாமியாள மதிக்குமான்னு ரோசன. அதான் நாப்பது நாளாப் பதிலு சொல்லல.”

நான் எதற்குப் பயந்தேன், அவர் எதற்குப் பயந்தார்!

அவர் படத்தைத் திரும்பக் குனிந்து பார்த்தார்.

“இருக்கட்டும், பிக்காத. தாலி கட்டுறானா இல்லையா, மேல வாசி” என்றார்.