சுடாத பாறை

ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பாறைக்குன்றின்மேல் இடிந்து கிடக்கும் பழைய கோட்டையைப் பார்க்க மனைவியோடு கிளம்பினேன். அடிவாரத்தில் அம்மன் கோயில். எல்லோரையும்போல நாங்களும் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஏறினோம். மேலே ஏரிக்காற்று என்னை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. மதிலுக்கு மதில் அலைந்தேன். இறங்கும்போது உச்சி வெயில்.

"ஐயோ, கல்லு கொதிக்குதுய்யா! உனக்குச் சுடல?" மனைவி புல் இருக்கும் இடமாகப் பார்த்துத் தாவினாள்.

"எங்க சுடுது? ஃபேனுக்கு அடியிலயே ஒக்காந்துகினு இருந்தா இப்டித்தான்" என்று கேலி செய்துகொண்டே வெறும் பாறையில் நடந்தேன்.

கீழே வந்து செருப்புப் போடக் காலைத் தூக்கியதும் அவள் அலறினாள்.

"இன்னாய்யா இது, தோலு உரிஞ்சி தொங்குது!"

உள்ளங்காலெல்லாம் கொப்புளம். வலியே இல்லை.

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதும், அது பாதத்தின் உணர்ச்சியைத் தின்றிருப்பதும் அன்றுதான் தெரிந்தன. உடனே மருத்துவமனைக்குப் போனதால் கால் தப்பியது.

இப்போதும் ஊர் சுற்றுகிறேன். கோயில் வாசல்களில் செருப்பைக் கழற்றுமுன் குனிந்து, தரையை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். பக்தி என்று நினைத்துச் சிலர் வழிவிடுகிறார்கள். மனைவி மட்டும் காதருகே வந்து கேட்கிறாள்: "சுடுதாய்யா?"