முருங்கைமரச் சண்டையும் அசனச் சோறும்

இன்று காலை சங்கரன்கோவில் சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயத்தை உரித்தபோது கண் எரிந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. சிறுவயதில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் நடந்த ஓர் அசனம் நினைவுக்கு வந்தது. சபையார் எல்லோரும் கூடிச் சமைத்து, ஒரே பந்தியில் சாப்பிடும் விருந்துதான் அசனம்.

வேலியோரத்து முருங்கைமரம் யாருடையது என்று அம்மாவும் பக்கத்து வீட்டு எஸ்தர் சித்தியும் சண்டைபோட்டு, மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அன்று கோயில் முற்றத்தில் விறகுப் புகைக்கு நடுவே பெண்கள் கதை பேசியபடி வெங்காயம் உரித்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள்.

அம்மா திடீரென்று என்னிடம், "ஆண்டவர நேசிக்கேன்னு பாடிட்டு, இவகிட்ட பேசாம இருந்தா சோறு எப்பிடிட்டி எறங்கும்?" என்றாள். முறத்தைத் தூக்கிக்கொண்டு போய், சித்தியை ஒட்டி உட்கார்ந்தாள். சித்தியின் கன்னமெல்லாம் கண்ணீர்.

"ஏட்டி எஸ்தரு, இந்த அழுகை வெங்காயத்துக்கா, எனக்கா?"

"ரெண்டுக்குந்தாங்க்கா" என்ற சித்தி, அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

மத்தியானப் பந்தியில் அவர்கள் இருவருக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தன் இலையிலிருந்த கறியை எடுத்து என் இலையில் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.