எமிலியின் மூன்றடுக்குச் சலட்

சலட் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி… அப்படித்தானே? நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன் — போன நத்தார்ப் பண்டிகை வரைக்கும்.

எங்கள் மருமகள் எமிலி அமெரிக்கப் பிள்ளை. அவளுடைய ஊரில் பண்டிகை என்றால் மேசையில் ஜெலி சலட் இருக்க வேண்டுமாம். முதலில் பச்சை ஜெலி, அதற்குள் துருவிய கோவா, அதுதான் முட்டைக்கோஸ். அதன்மேல் க்ரீம் சீஸ். கடைசியாக மஞ்சள் ஜெலியில் அன்னாசித் துண்டுகள். ஜெலிக்குள் கோவா! என்ன மூளையப்பா அவர்களுக்கு!

ஆனால் வருடாவருடம் அதைச் செய்தவர் எமிலியின் அம்மா. அவர் சித்திரையில் தவறிவிட்டார். "மாமி, அம்மா இல்லாத முதல் கிறிஸ்மஸ்… நான் செய்யட்டுமா?" என்று பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாள். மசாலா தடவி வைத்திருந்த ஆட்டிறைச்சியை லண்டன் குளிருக்குள் தோட்டத்துக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டு, ஃபிரிட்ஜில் ஒரு தட்டை முழுதாக அவளுக்குக் கொடுத்தேன். நத்தாருக்கு முதல் நாள் ஒரு தமிழ் வீட்டு ஃபிரிட்ஜில்! எவ்வளவு பெரிய மனசு எனக்கு, பாருங்கள்.

ஓர் அடுக்கு உறைந்த பிறகுதான் அடுத்ததை ஊற்ற வேண்டும். பொறுமையான வேலை. என் கணவருக்கு அவள் கொடுத்தது ஒரே ஒரு வேலை — டின் அன்னாசியைத் திறந்து, துண்டுகளைச் சின்னதாக நறுக்கித் தர வேண்டும்.

எங்கள் ஆட்கள் யாராவது சொன்னதைச் சொன்னபடி சமைத்திருக்கிறார்களா? உப்பைக் கூட்டுவோம், தூளைக் கூட்டுவோம், கேட்டால் "இப்பதான் திறம்" என்போம். இவரும் டின்னை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, டூட்டிங் தமிழ்க் கடையில் மணந்து பார்த்து வாங்கிய அன்னாசிப் பழத்தை வெட்டிக் கொடுத்திருக்கிறார். ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லாம் பாசம்தான்!

அது தெரியாமல் எமிலி கடைசி அடுக்கையும் ஊற்றி, தட்டால் மூடி வைத்தாள். எல்லாரும் தேவாலயத்தில் நள்ளிரவுப் பூசைக்குப் போனோம்.

அடுத்த நாள் மத்தியானம். கோழி, ஆட்டிறைச்சி, புரியாணி எல்லாம் மேசையில். எமிலி பாத்திரத்தைத் தட்டோடு கவிழ்த்துத் தூக்கினாள். மஞ்சள் தண்ணீர் மேசைவிரிப்பெல்லாம் ஓடியது. அதன் பின்னால் பச்சை ஜெலி வழுக்கிக்கொண்டு போய், ஆட்டிறைச்சிக் கறிக்குள் கோவாவோடு இறங்கியது.

"இஞ்சருங்கோ அப்பா, அந்த டின் எங்கை?" என்றேன். எனக்குத் தெரியாதா என் மனுசனை?

"டின்னில அடைச்ச சாமானைப் பிள்ளை ஏன் சாப்பிடவேணும் எண்டு… நல்ல பழம்தான் போட்டனான்."

மகன் அன்ரன் ஃபோனைத் தட்டிப் பார்த்தான். "அப்பா, பச்சை அன்னாசி போட்டால் ஜெலி உறையாதாம், அவிச்சு அடைச்ச டின் அன்னாசிதான் போட வேணுமாம்!"

எமிலி ஏசவில்லை. "இட்ஸ் ஓகே, மாமா" என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய், அடுப்படியில் நின்று விக்கி விக்கி அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மனுசனையும் அந்தக் கொட்டிலுக்கே அனுப்பியிருப்பேன். ஆனால் ஆளைக் காணவில்லை. கோட்டும் இல்லை.

நத்தார் அன்று லண்டனில் பஸ்ஸும் ஓடாது, ரயிலும் ஓடாது. ஆனால் எங்கள் ஆட்களின் கடை திறந்திருக்கும். மனுசன் அங்கே நடந்து போய், ஜெலிப் பெட்டிகளோடு, இரண்டு பை நிறைய அன்னாசி டின்னும் வாங்கி வந்திருந்தார். ஒரு கடையையே காலி செய்தாரோ என்னவோ!

"பிள்ளை, திருப்பிச் செய்வம். நீ சொல்லுறதை மட்டும் செய்யிறன்," என்றார். கட்டின நாளிலிருந்து அந்த வசனத்துக்குத்தான் நான் காத்திருக்கிறேன். எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை!

இராச் சாப்பாட்டுக்குச் சலட் தயார். கவிழ்த்தாள். ஆடியது, ஆனால் நின்றது. எமிலி ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணால் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "மாமி, அப்படியே அம்மாவுடைய ருசி!"

நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு மோசமான ஒரு சாமானை நான் என் ஆயுளில் வாயில் வைத்ததில்லை.

இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன்.