பத்துப் பூஜ்யங்கள்

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து என் அப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டின் பாதியில் எழுந்து போய் வானத்தைப் பார்ப்பார். கோயிலில் பூசைக்கு முழந்தாளிட்டிருக்கும்போதும் அவர் விரல்கள் பெஞ்சின் மேல் எதையோ கூட்டிக்கொண்டிருக்கும். "கடவுள் முன்னாடியாவது கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டினார், விரல்கள் நிற்கவில்லை.

அப்பா திருச்சியில் ஒரு ஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். மேலப்புதூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில், மரநிழல் படாத இடமாகப் பார்த்து, மழை அளக்கும் டப்பா ஒன்றைப் பதித்து வைத்திருந்தார். மேலே புனல், உள்ளே பாட்டில். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து நோட்டில் எழுதுவார். மழையில்லாத நாளுக்குப் பூஜ்யம். ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கும் ஒரு மனிதர் குனிந்து பார்க்கத்தான் வேண்டும் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிறவர் முதல் பங்குச் சாமியார் வரை, அந்தக் காலத்து மழை இப்போது இல்லை என்று சொல்லாதவர் கிடையாது. அப்பாவுக்கு அது பொறுக்காது. "அளந்தா பாத்தாங்க?" என்பார். அளந்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எழுதிவந்த மழை ரெஜிஸ்டர்கள் ஓர் அரசாங்க அலுவலகத்தின் பின்னறையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அப்பா அனுமதி வாங்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் அங்கே போய் அவற்றைப் பிரதி எடுப்பார். வீட்டுக்கு வந்ததும், வருஷத்துக்கு ஒரு புள்ளியாக நீளமான கட்டத்தாளில் வைத்துக் கோடு இழுப்பார். மழை நிஜமாகவே குறைந்துகொண்டு வருகிறதா என்பதை அந்தக் கோடு சொல்ல வேண்டும்.

கோடு ஒரு பழைய வருஷத்தில் தொப்பென்று கீழே விழுந்தது. அடைமழைக் காலமான ஐப்பசியில் வரிசையாகப் பத்து நாளைக்குப் பூஜ்யம். அந்த வருஷத்தை நம்பினால் கோடு ஒரு பக்கம் சாய்ந்தது, நம்பாவிட்டால் இன்னொரு பக்கம். அப்பாவின் தவிப்பெல்லாம் அதனால்தான்.

பத்து வயதில் எனக்கும் என் அளவுக்கு ஒரு தவிப்பு இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு துக்கத்துக்காக அப்பா திண்டுக்கல் போயிருந்தார். மூன்று நாளைக்கு அளக்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டாம் நாள் விடியற்காலையில் நல்ல மழை. கனத்த பாட்டிலை வெளியே எடுத்தேன். கை வழுக்கி அத்தனை தண்ணீரும் கல்வாழைப் பாத்திக்குள் போய்விட்டது. அளப்பதற்கு எதுவும் இல்லை. நோட்டைத் திறந்து, அன்றைய கட்டத்தில் அழகாக ஒரு பூஜ்யம் போட்டேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் அப்பா நோட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் அடுக்களைக்கு நழுவிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா என்னை சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஸ்ரீரங்கம் கூட்டிப்போனார். அவரிடம் படிக்கும் பையன் ஒருவனுடைய தகப்பனார் அங்கே உத்தர வீதியில் இருந்தார். அவருடைய தாத்தா, பஞ்சாங்கத்தின் ஓரங்களில் தினமும் இரண்டு வரி எழுதி வைக்கிறவராம். பழைய பஞ்சாங்கங்களைத் துணியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

அப்பா இங்கிலீஷ் தேதியைச் சொல்ல, பையனின் தகப்பனார் தமிழ்த் தேதியைத் தேடிப் பிடித்தார்.

"இதோ இருக்கு ஸார். 'அதிகாலையிலிருந்து பெருமழை. தீர்த்தம் கொண்டுவரப் போன யானை சேற்றில் கால் வைக்க மறுத்தது.'"

"மறுநாள்?"

"அன்னிக்கும் வர்ஷம்தான். 'ஸாயங்காலம் புறப்பாடு நடக்கவில்லை.' அடுத்த நாளும் அதேதான். உங்க ரெஜிஸ்டர்ல என்ன போட்டிருக்கு?"

"பூஜ்யம்" என்றார் அப்பா.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "யானைக்குத் தெரிஞ்சது ஸர்க்காருக்குத் தெரியலையே ஸார்!"

அப்பா சிரிக்கவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெய்த மழை அந்தப் பக்கம் ஒரு நாள் பெய்யாமல் இருக்கலாம், பத்து நாளுமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பத்து நாளையும் எழுதிக்கொண்டார். அவற்றில் ஏழு நாள் மழை.

திரும்பும்போது அவருக்குக் கோபம் பொங்கியது. மிதித்துக்கொண்டே பேசினார். "பொய் எழுதியிருக்கான் பாரு! பாக்கலன்னா கட்டத்தைச் சும்மா விட வேண்டியதுதானே? வெறுங்கட்டம்னா எனக்குப் புரிஞ்சிருக்கும். பூஜ்யம்னா, நான் பாத்தேன், மழை இல்லன்னு அர்த்தம். பின்னாடி ஒருத்தன் இத நம்புவான்னு நெனச்சிருப்பானா? திருட்டுப் பய!" பூஜ்யம் என்று சொல்லும்போதெல்லாம் சைக்கிள் ஆடியது. காவிரிப் பாலத்தின் நடுவில் எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, நானும் எழுதினேன்."

காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னது?"

"நானும் பொய்ப் பூஜ்யம் போட்டேன்!" என்று கத்தினேன். எதிரே வந்த வண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா இறங்கி சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தார். அடி விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"பாட்டில்ல எவ்வளவு இருந்துச்சு? பாதி இருக்குமா?"

"தெரியலப்பா. கொட்டிட்டேன்."

"சரி, அதுக்கு ஏன் பூஜ்யம் போட்ட?"

"கட்டம் காலியா இருந்தா ஏன்னு கேப்பீங்கல்ல?"

என்னைப் பார்த்தார். பிறகு செம்மண் நிறத்தில் ஓடிய தண்ணீரைப் பார்த்தார். என்னை மறுபடி ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தார். வீட்டில் நோட்டை எடுத்து என் பூஜ்யத்தைச் சிவப்பு மையால் அடித்து, 'மழை பெய்தது. அளக்கப்படவில்லை' என்று எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இனிஷியலோடு முழுப் பெயரையும் போட்டேன்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அப்பாவின் தவிப்போ அதிகமாயிற்று. அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை வந்ததும் ரெஜிஸ்டர் அறைக்கு என்னையும் கூட்டிப்போனார். அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

முதலில் வலப்பக்கம் சாய்ந்த பொடி எண்கள், எறும்பு வரிசை போல. அப்புறம் அந்தப் பத்துப் பூஜ்யங்கள். அவை பெரிது பெரிதாக, ஒன்று போல் ஒன்று இல்லாமல் கிடந்தன. ஒன்றில் மை கொட்டியிருந்தது, ஒன்று வாய் மூடவில்லை. அவற்றுக்குக் கீழே தடித்து நிமிர்ந்த வேறொரு கையெழுத்து.

"அந்தக் காலத்துல அளக்கறவரு வீட்டுத் தோட்டத்துலதான் டப்பா இருக்கும்" என்றார் அப்பா. "இத யாரு எழுதியிருப்பாங்கன்னு நெனக்கிற பாப்பா?"

என்னைப் போல இன்னொரு திருடி அகப்பட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி. "என்னைய மாதிரி ஒரு புள்ளதான்பா. அவங்க அப்பா ஊருக்குப் போயிருப்பாரு. திரும்பி வந்து நல்லா திட்டியிருப்பாரு" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் பிரதியிலிருந்த பத்துப் பூஜ்யங்களையும் ரப்பரால் ஒவ்வொன்றாக அழித்துத் தூளை ஊதிவிட்டார். அந்த வருஷத்துக்கு இனி அவர் தாளில் புள்ளி கிடையாது. பிறகு, பிரதி எடுக்க ஒன்றுமில்லாதபோதும், அந்த ரெஜிஸ்டரைக் கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாத் தாளிலும் தடித்த கையெழுத்தே இருந்தது. சாய்ந்த எழுத்து எங்கேயும் திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பா திரும்பி வந்தாரா என்றுதான் அவர் தேடினார் என்று எனக்கு அப்போது தெரியாது. பசிக்கிறது, போகலாம் என்று அவர் சட்டையை இழுத்துக்கொண்டே இருந்தேன்.