தகர டின் சத்தமும் என் கணவரும்

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். ஓய்வுபெற்ற வீரர்களுக்குக் கேம்ப்பெல் பே என்ற தீவுக் குடியேற்றத்தில் நிலம் கொடுத்தபோது நாங்களும் வந்து குடியேறினோம். சென்ற சுதந்திர தினத்தன்று, எங்களைப் போன்ற குடும்பங்களைக் கௌரவிப்பதற்காக, பள்ளி ஆசிரியர் ஒருவர் தனி ஆளாகப் போர் நாடகம் ஒன்றை நடித்தார். எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

துப்பாக்கிச் சத்தத்துக்காக அவர் ஒரு தகர டின்னைப் படபடவென்று அடித்தார். மறுகணம் என் கணவர் எங்கள் மகளைத் தரையில் இழுத்துப் போட்டு, அவள்மேல் கவிழ்ந்து, அவள் வாயை இறுகப் பொத்தினார். மூக்கும் சேர்ந்து அடைபட்டது. அவள் கால்களை உதறினாள்.

"ஏங்க, விடுங்க! பாப்பாவுக்கு மூச்சு முட்டுது!" என்று தோளைப் பிடித்து இழுத்தேன். பிடி இன்னும் இறுகியது. பின்னால் இருந்தவர்களோ இதுவும் நாடகம் என்று கைதட்டினார்கள்!

ஆசிரியர் டின்னை வீசிவிட்டு, சிப்பாய் வேஷத்திலிருந்து அதிகாரியாக மாறி, விறைத்து நின்று, சுடுவதை நிறுத்தி எழுந்து நிற்கும்படி இந்தியில் முழங்கினார்: "ஹவில்தார்! ஃபயரிங் பந்த்! கடே ஹோ ஜாவ்!"

என் கணவர் சட்டென்று எழுந்து சல்யூட் அடித்தார். மகள் இருமினாள், பிறகு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகே எனக்கு உயிர் வந்தது.

இங்கே காடு திருத்தும் வேலை ஓயவில்லை. பெரிய மரம் சாய்ந்தால் இன்றும் அவர் தரையில் கவிழ்ந்துவிடுகிறார். இப்போது நான் கெஞ்சுவதில்லை, தொடுவதுமில்லை. கொஞ்சம் தள்ளி விறைத்து நின்று, "ஹவில்தார்! ஃபயரிங் பந்த்!" என்கிறேன். அவர் எழுந்து சல்யூட் அடிக்கிறார். பதில் சல்யூட் வைத்த பிறகுதான் நான் மறுபடி அவர் மனைவியாகிறேன்.